டெலவேர் ஆற்றின் இரு கரைகள்: டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பொறுப்பு?

அமெரிக்காவின் டெலவேர் ஆற்றுக்கு மேற்கே பிலடெல்பியா, கிழக்கே கேம்டன். நடுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாலம். இந்த இரண்டு ஊர்களிலும் ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே கேள்விக்கு விடை தேடினார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியோடு ஒரு செவிலியரும் வீடுவரை போய், சில வாரங்கள் கூடவே நின்றால், அவர் மறுபடியும் அட்மிட் ஆவது குறையுமா? பிலடெல்பியாவில் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. கேம்டனில் துளியும் குறையவில்லை. இரண்டுமே கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள், இரண்டு முடிவுகளும் உண்மை. எனக்குத் தெரிந்தவரை, நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது பற்றி மருத்துவ உலகம் கற்ற பாடங்களில் முக்கியமானது இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. நம் ஊருக்கு அதில் நிறையச் சேதி உண்டு.

முதலில் பிரச்சினையின் அளவு. அமெரிக்காவின் முதியோர் காப்பீடான மெடிகேரில் 2003, 2004 ஆண்டுகளில் டிஸ்சார்ஜ் ஆன சுமார் 1 கோடியே 18 லட்சம் பேரின் கணக்கை ஸ்டீபன் ஜெங்க்ஸ், மார்க் வில்லியம்ஸ், எரிக் கோல்மேன் ஆகிய மூவரும் அலசி 2009இல் வெளியிட்டார்கள். 19.6 சதவீதம் பேர், அதாவது ஐந்தில் ஒருவர், 30 நாளுக்குள் மீண்டும் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். 90 நாளில் இது 34 சதவீதம். இதைவிட என்னை உறுத்துவது அதே கட்டுரையின் இன்னொரு எண். அறுவை சிகிச்சைக்காக அல்லாமல் வேறு நோய்களுக்காகச் சேர்ந்து, வீடு போய், 30 நாளுக்குள் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர் இடைப்பட்ட நாள்களில் எந்த மருத்துவரையும் கிளினிக்கில் பார்த்ததற்கான பில்லே இல்லை. மருத்துவமனை தன் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்திருக்கிறது. குடும்ப மருத்துவருக்கோ, அப்படியொருவர் வீடு திரும்பிய தகவலே போயிருக்காது. அந்த நாள்களில் நோயாளி யார் பொறுப்பிலும் இல்லை.

அப்போது என்ன நடக்கிறது? வீடு திரும்பிய 400 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆலன் ஃபார்ஸ்டர் குழுவின் 2003 ஆய்வில், 76 பேருக்குச் சிகிச்சையின் விளைவாகவே ஏதோ ஒரு பாதிப்பு ஏற்பட்டிருந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு மருந்தால் வந்தவை. இது வியப்பல்ல. மருத்துவமனையில் நாலு மாத்திரை புதிதாகச் சேரும், இரண்டு நிற்கும், ஒன்றின் அளவு மாறும். வீட்டு அலமாரியில் பழைய மாத்திரைகள் அப்படியே இருக்கும். கோல்மேன் 375 முதியவர்களின் வீட்டுக்கே போய்ப் பார்க்கச் செய்ததில், 14.1 சதவீதம் பேர் வீட்டில் சாப்பிட்டதும் சீட்டில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை. அப்படிக் குளறுபடி இருந்தவர்களில் 14.3 சதவீதம் பேர் 30 நாளுக்குள் மீண்டும் அட்மிட் ஆனார்கள், இல்லாதவர்களில் 6.1 சதவீதம்தான். குளறுபடிகளில் சரிபாதி நோயாளி பக்கத்திலிருந்து வந்தவை, மறுபாதி மருத்துவமனை பக்கத்திலிருந்து. "பேஷண்ட் சொன்னபடி கேட்பதில்லை" என்ற வழக்கமான புகாரில் பாதிதான் நியாயம் என்று இதைப் படிக்கலாம்.

சொன்னது புரிந்ததா என்பது அடுத்தது. 2005இல் 43 நோயாளிகளை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டார்கள். தன் மருந்துகளின் பெயரை முழுவதும் சொல்லத் தெரிந்தவர்கள் 12 பேர். தனக்கு என்ன நோய் என்று சொல்லத் தெரிந்தவர்கள் 18 பேர். சிறிய ஆய்வுதான், ஆனாலும் எந்த ஊர் வார்டில் கேட்டாலும் இது பெரிதாக மாறிவிடும் என்று தோன்றவில்லை. பரிசோதனை முடிவுகளின் விஷயமும் இப்படித்தான். இன்னொரு 2005 ஆய்வில் டிஸ்சார்ஜ் ஆனவர்களில் 41 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பரிசோதனை முடிவு அப்போது இன்னும் வந்து சேரவில்லை. பிறகு வந்த முடிவை யாராவது எடுத்துப் பார்த்தார்களா என்பது தற்செயலைப் பொறுத்தது.

உடம்பின் கதை இவற்றைவிட ஆழமானது. யேல் பல்கலைக்கழக இதயநோய் நிபுணர் ஹார்லன் கிரம்ஹோல்ஸ் 2013இல் ஒரு விநோதத்தைச் சுட்டிக்காட்டினார். இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்து, வீடு போய், திரும்பி வந்தவர்களில் 37 சதவீதம் பேர்தான் அதே நோய்க்காகத் திரும்பினார்கள். நிமோனியாவில் இது 29 சதவீதம். மற்றவர்கள் கீழே விழுந்து, வேறு தொற்று வந்து, வயிறு கெட்டு, மனம் குழம்பி வந்தவர்கள். காரணம் மருத்துவமனையில் தங்கியதே என்றார் அவர். இரவெல்லாம் விளக்கு, ஊசி போட எழுப்புவது, பரிசோதனைக்காகப் பட்டினி, நாள்கணக்கில் படுத்தே கிடப்பது, வலி, பழகாத இடம். நோய் அடங்கியிருக்கும், ஆனால் உடம்பு எதையும் தாங்கும் நிலையில் இராது. மருத்துவமனைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுதி என்று இதற்கு ஒரு பெயரும் வைத்தார். நம் வீடுகளில் இது பழைய செய்தி. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரை ஒரு மாதமாவது உடம்பு தேற விட வேண்டும் என்று பாட்டிகள் கஞ்சியும் ரசமுமாகக் கவனித்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கு இடம் இல்லை.

இந்த இடைவெளியை அடைக்க வந்தவர்களில் முன்னோடி, பென்சில்வேனியா பல்கலைக்கழகச் செவிலியர் மேரி நெய்லர். பிலடெல்பியாவின் இரண்டு மருத்துவமனைகளில் 65 வயது தாண்டிய 363 பேரை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றதற்கு, உயர்பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் வார்டிலேயே நோயாளியைச் சந்தித்து, அவர் வீடு போனதும் அங்கேயும் வந்து, போனில் பேசி, மருத்துவரிடமும் பேசினார். அந்த ஒரே ஆள்தான் கடைசிவரை. 24 வாரத்தில் முதல் பிரிவில் 37 சதவீதம் பேர் திரும்ப அட்மிட் ஆனார்கள், இரண்டாம் பிரிவில் 20 சதவீதம். காப்பீட்டுச் செலவும் ஏறக்குறையப் பாதியானது. 1999இல் வெளியான இந்த ஆய்வுதான் ஆற்றின் மேற்குக் கரையில் நடந்தது.

கொலராடோவின் முதியோர் மருத்துவர் எரிக் கோல்மேன் இதையே இன்னும் சிக்கனமாகச் செய்து பார்த்தார். நெய்லரின் செவிலியர் பொறுப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டார். கோல்மேனின் பயிற்றுநரோ நோயாளிக்காக எதையும் செய்து தருவதில்லை, அவரையே செய்ய வைத்தார். டிஸ்சார்ஜ் ஆன இரண்டு மூன்று நாளில் ஒருமுறை வீட்டுக்கு வருவார், பிறகு மூன்று முறை போனில் பேசுவார். வீட்டில் முதல் வேலை, இருக்கிற மருந்தையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொல்வது. எதை, எப்போது, எதற்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது. பட்டியலைப் படித்துக் காட்டாமல் நோயாளியைச் சொல்ல விட்டால்தான் தப்பு எங்கே என்று தெரியும். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைக்கூட நடித்துப் பழக்குவார்கள். நோயாளி தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஒரு சிறு குறிப்பேடும், எந்த அறிகுறி தெரிந்தால் உடனே அழைக்க வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. 750 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2006இல் வெளியானது. 30 நாளில் திரும்பியவர்கள் 11.9 சதவீதத்திலிருந்து 8.3 ஆகக் குறைந்தார்கள். பயிற்றுநர் போய்விட்ட பிறகும், 90 நாளிலும், வித்தியாசம் நிலைத்தது. கற்றுக்கொண்டது நோயாளியிடமே தங்கியதற்கு அது அடையாளம். பாஸ்டனில் பிரையன் ஜாக் குழு, 749 பேரிடம் இதை மருத்துவமனைக்குள்ளிருந்தே தொடங்கியது. டிஸ்சார்ஜுக்கென்றே ஒரு செவிலியர், படமும் நாட்காட்டியும் உள்ள எளிய கையேடு, சில நாளில் ஒரு மருந்தாளுநரின் போன் அழைப்பு. மருத்துவமனைக்குத் திரும்பி வரும் வீதம் 30 சதவீதம் சரிந்தது.

முடிவுகள் இப்படி வந்ததும் அரசு கையில் பிரம்பை எடுத்தது. 2012 அக்டோபர் முதல், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகள் அளவுக்கு மீறித் திரும்பி வந்தால் அந்த மருத்துவமனைக்கு மெடிகேர் தரும் பணத்தில் பிடித்தம், பிற்பாடு 3 சதவீதம் வரை. திரும்புவோர் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகளே அதிகம் தண்டம் கட்டின. இதயச் செயலிழப்பு, நிமோனியா நோயாளிகளிடம் வீடு திரும்பிய பின் மரணங்கள் கூடியதாக 2018இல் ஓர் ஆய்வு சொன்னது, வேறு ஆய்வாளர்கள் அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் தொடர்பில்லை என்று மறுத்தார்கள். விவாதம் முடியவில்லை. திரும்பி வருவதை எண்ணி அபராதம் போட்டால், திரும்பி வரவேண்டியவரையும் வாசலில் நிறுத்தும் ஆசை வரும் என்பதே என் அச்சம். நம் நாட்டில் யாராவது இதை நகலெடுக்க நினைத்தால், அந்த விவாதத்தை முதலில் முழுதாகப் படிக்க வேண்டும்.

இப்போது கிழக்குக் கரை. கேம்டன் அமெரிக்காவின் மிக ஏழ்மையான நகரங்களில் ஒன்று. அங்கே குடும்ப மருத்துவராக இருந்த ஜெஃப்ரி பிரென்னர், மருத்துவமனை பில் தரவுகளை நகர வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். ஒரு சிலரே, ஒரு சில கட்டடங்களிலிருந்தே, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார்கள். நகரின் மருத்துவச் செலவில் பெரும்பங்கு அவர்களுக்கே போயிற்று. அவர்களைத் தேடிப் போய்க் கவனித்தால் அவர்களும் பிழைப்பார்கள், செலவும் குறையும் என்று நினைத்தார். செவிலியர், சமூகப் பணியாளர், அந்தப் பகுதியைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் கொண்ட குழு அமைந்தது. வார்டிலேயே பழகி, வீட்டுக்குப் போய், மருத்துவரிடம் கூட்டிப் போய், அடையாள அட்டை, உதவித்தொகை என்று எல்லாவற்றுக்கும் அலைந்தார்கள். 2011இல் அதுல் கவாண்டே நியூயார்க்கர் இதழில் இதைப் பற்றி எழுதிய பின், நாடு முழுக்கப் பல ஊர்கள் இதைப் பின்பற்றத் தொடங்கின.

இங்கே பிரென்னர் குழுவின் நேர்மையை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஊரே பாராட்டும் நேரத்தில், உண்மையில் இது பலிக்கிறதா என்று பார்க்க அவர்கள் தங்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். எம்.ஐ.டி. பொருளாதார அறிஞர் ஏமி ஃபிங்கல்ஸ்டீன் தலைமையில் 2014 முதல் 800 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். முடிவு 2020 ஜனவரியில் வந்தது. 180 நாளில் திரும்ப அட்மிட் ஆனவர்கள், குழுவின் கவனிப்பில் இருந்தோரில் 62.3 சதவீதம், இல்லாதோரில் 61.7 சதவீதம். வித்தியாசமே இல்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கவனிப்பில் இருந்தவர்களின் முந்தைய ஆறு மாதத்தையும் பிந்தைய ஆறு மாதத்தையும் மட்டும் வைத்துப் பார்த்தால், அட்மிஷன் 38 சதவீதப் புள்ளி குறைந்ததாகத் தெரியும். மேடையில் சொல்ல எவ்வளவு அழகான எண்! ஆனால் கவனிப்பு கிடைக்காதவர்களிடமும் அதே அளவு குறைந்திருந்தது. ஒருவர் மிகவும் மோசமாக இருக்கும் மாதத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த மாதங்களில் சராசரியாக நிலைமை இறங்கத்தான் செய்யும், யார் போய்ப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். ஒப்பிட ஒரு பிரிவு இல்லாமல் முன்னும் பின்னும் காட்டி வெற்றி அறிவிக்கும் எந்தச் சுகாதாரத் திட்டத்தையும் நான் இப்போது சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

மேற்குக் கரையில் பலித்தது கிழக்குக் கரையில் ஏன் பலிக்கவில்லை? உழைப்புக் குறைவல்ல. ஆய்வில் சேர்க்கப்பட்ட ஆட்களைப் பாருங்கள். நெய்லரின் நோயாளிகள் மெடிகேர் காப்பீடு உள்ள முதியவர்கள். சொந்த வீட்டிலிருந்து வந்தவர்கள், தெளிவாகப் பேசக்கூடியவர்கள், போனில் பிடிக்க முடிந்தவர்கள். அவை ஆய்வில் சேரத் தேவையான தகுதிகளாகவே வைக்கப்பட்டிருந்தன. கேம்டனின் நோயாளிகளில் பலருக்கு நிலையான வீடில்லை, போன் இல்லை, மனநோயோ போதைப் பழக்கமோ சேர்ந்திருந்தது. டிஸ்சார்ஜ் ஆன ஒரு வாரத்தில் அவர்களை மருத்துவரிடம் சேர்ப்பது குழுவின் இலக்கு. பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை, ஏனென்றால் நோயாளியைக் கண்டுபிடிப்பதே கடினம், கண்டுபிடித்தாலும் மருத்துவரிடம் நேரம் கிடைப்பதில்லை. கைபிடித்துக் கூட்டிப் போக நல்ல ஆள் இருந்தார், கொண்டு சேர்க்கத்தான் இடமில்லை. இடைவெளியை ஒரு மனிதர் நிரப்பலாம், அந்தப் பக்கத்தில் வீடும், வருமானமும், பார்க்க மருத்துவரும் இருந்தால். இல்லாதபோது அவரால் அவற்றை உண்டாக்கிவிட முடியாது.

இந்த அளவுகோலோடு நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டின் டிஸ்சார்ஜ் நாளை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் ரவுண்ட்ஸில் "இன்னைக்குப் போகலாம்" என்பார்கள். பில், காப்பீட்டு ஒப்புதல் என்று பொழுது சாயும். எல்லாரும் களைத்திருக்கும் அந்த நேரத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை மாத்திரையும் கைக்கு வரும். 1-0-1 என்றால் காலையும் இரவும் என்று மெடிக்கல் ஷாப்காரர் உறையில் எழுதித் தருவார். 15 நாள் கழித்து ரிவியூ. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரையும் புதிதாக வந்ததும் வெவ்வேறு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தாக இருக்கலாம், இரண்டையும் சாப்பிடும் ஆபத்து உண்டு. இதய நோயாளியிடம் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள், உடனே வர வேண்டும் என்பதைச் சொன்னாலும், வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடும்.

ஆனால் கேம்டனில் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ, மகளோ, தம்பியோ. அந்தக் குடும்பத்தையே செவிலியராக்கிவிட்டால் போதாதா என்ற எண்ணம் இயல்பாக வரும். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் பக்கவாதம் வந்த 1,250 பேரிடம் நடந்த அட்டெண்ட் ஆய்வு, குடும்பத்தினருக்கு மருத்துவமனையில் மறுவாழ்வுப் பயிற்சி தந்து, வீட்டிலும் இரண்டு மாதம்வரை தொடர்ந்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறர் துணையின்றி இயங்க முடியாதவர்களும் சேர்ந்து இரு பிரிவிலும் 47 சதவீதம். குடும்பத்தின் அன்பில் குறையிருந்தது என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் செய்ய வேண்டியதை மருமகளிடம் ஒப்படைத்துவிட முடியாது என்றுதான் நான் படிக்கிறேன். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, குழந்தையைப் பார்த்து, அதன்பின் மாமனாரின் கையை மடக்கி நீட்டும் பெண்ணின் நேரத்தை இலவசமாக நினைத்துத் திட்டம் போடுவதில் அநீதியும் இருக்கிறது.

குடும்பத்துக்குத் தகுந்த வேலை வேறு. மருந்து, உணவு, ஆபத்து அறிகுறி ஆகியவற்றில் அவர்கள்தான் கண்ணும் காதும். அதற்கு அவர்களிடம் பேச வேண்டிய முறை கோல்மேனிடமும் ஜாக்கிடமும் இருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே, அவசரம் இல்லாத வேளையில், செவிலியர் மகளிடம் சொல்லி முடித்துவிட்டு, "இதுல எந்த மாத்திரைய நிறுத்தணும், எது புதுசுன்னு இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா" என்று கேட்பது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நிறுத்தியவை, புதியவை, அளவு மாறியவை என்று மூன்றாகப் பிரித்துத் தமிழில் ஒரு பக்கத் தாள். அதில் ஒரு பெயர், ஒரு போன் எண். மருத்துவமனையின் பொது எண்ணை அழைத்தால் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நோயாளியைத் தெரிந்த ஒருவரின் எண் வேண்டும்.

கொண்டு சேர்க்கவும் நமக்கு இடம் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மருந்து வீடு தேடிப் போகிறது. பிசியோதெரபியும், வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே போகின்றன. தெருவையும் வீட்டையும் அறிந்த தன்னார்வலர்கள் அதில் பணிபுரிகிறார்கள். நெய்லர் தனியாக உருவாக்க வேண்டியிருந்த வீடுவரை செல்லும் கால்கள் இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கின்றன. தனியாரோ அரசோ, எந்த மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பினாலும், நோயாளி சம்மதித்தால் அன்றே அவர் ஊர்ச் சுகாதார நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும், மூன்று நாளுக்குள் ஒருவர் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். எல்லாருக்கும் முதல் நாளே முடியாது. இதயச் செயலிழப்பு, பக்கவாதம், புதிதாக இன்சுலின் அல்லது இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து தொடங்கியவர்கள், தனியாக வாழும் முதியவர்கள் என்று தொடங்கலாம்.

பணம் எங்கிருந்து என்றால், ஒரு முன்மாதிரி காப்பீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிரதமர் ஜன் ஆரோக்கியத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாளுக்கான மருந்தும் பரிசோதனையும் அடங்கும். வீடு திரும்பியவரின் செலவும் சிகிச்சைச் செலவே என்பதை அது ஒப்புக்கொள்கிறது. அந்த 15 நாளில் ஒரு செவிலியரின் நேரத்தையும் சேர்ப்பது அடுத்த படி.

அப்படியொரு திட்டம் வந்தால் முதல் நாளிலிருந்தே ஒப்பிடும் வகையில் அதை அமைக்க வேண்டும். மீண்டும் அட்மிட் ஆனோர் எண்ணிக்கையோடு, இறந்தவர்கள் எத்தனை பேர், பிழைத்தவர்கள் எத்தனை நாள் தங்கள் வீட்டில் இருந்தார்கள் என்பதும் கணக்கில் வர வேண்டும். எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்குவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால் போதும். காத்திருக்கும் மாவட்டங்கள் முதல் ஆண்டில் ஒப்பீட்டுக்கு நிற்கும், அந்த ஆண்டின் முடிவைப் பார்த்துத் திருத்திய திட்டம் அவற்றுக்குப் போகும்.